விளம்பரத்தில் மாடல் நம்பரைப் போடச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோத்தகிரி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், கரண்ட் பில் கட்டுவது என்று ஒரு சின்னக் கடை 14 வருடமாக நடத்தி வருகிறேன். உங்கள் பேப்பர் தினமும் கடைக்கு வரும். வருகிறவர்கள் எல்லோரும் எடுத்துப் புரட்டுவார்கள். ஆயுத பூஜைக்கு முன்னால் ஆரம்பித்துத் தீபாவளி வரைக்கும் முதல் பக்கமே லேப்டாப், டிவி, செல்போன் விளம்பரம்தான், செய்தியைத் தேடி உள்ளே போக வேண்டியிருக்கிறது. அந்த விளம்பரத்தைக் கையில் பிடித்துக்கொண்டுதான் ஜனங்கள் என்னிடம் வருகிறார்கள், "அக்கா, இது நல்ல ஆஃபரா? ஆர்டர் போட்டுக் குடுங்க" என்று. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம்தான், முடிந்தால் வெட்டாமல் போடுங்கள்.

போன வருடம் தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்னால், தேயிலை எஸ்டேட்டில் போனஸ் போட்ட மறுநாள், எங்களுக்குத் தெரிந்த ஒரு அண்ணன் வந்தார். லைன் வீடு, அதாவது எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பு. அவர் கவாத்து (தேயிலைச் செடியை வெட்டிவிடுகிற) வேலை பார்க்கிறார், அண்ணி இலை எடுக்கிறார். போனஸ் என்றால் எங்கள் பக்கத்தில் என்ன என்று கீழே இருக்கிறவர்களுக்கு முழுசாகத் தெரியாது. சட்டப்படி 8.33 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, 20 சதவீதத்துக்கு மேல் போகாது, இந்த இரண்டுக்கும் நடுவில் இந்த வருடம் எங்கே நிற்கும் என்பதுதான் ஆவணி பிறந்ததிலிருந்து மலையில் எல்லா டீக்கடையிலும் பேச்சு. வருடத்தில் ஒரே தடவை மொத்தமாகக் கைக்கு வருகிற பணம் அது. அதில் துணி எடுக்கணும், கடன் கொஞ்சம் அடைக்கணும், மிச்சத்தில் வீட்டுக்கு ஒரு பெரிய பொருள். அந்த வருடம் பெரிய பொருள் லேப்டாப். பெண் ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் பி.காம். சேர்ந்திருந்தாள்.

விளம்பரத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். பெரிய எழுத்தில் 19,990. பக்கத்தில் சின்னதாக 41,999 என்று போட்டு அடித்திருந்தது. 52 சதவீதம் தள்ளுபடி. மெல்லிசான லேப்டாப் படம், அதன் திரையில் மலையும் ஏரியும். எழுத்து என்று பார்த்தால் கம்பெனி பெயர், 15.6 இன்ச், விண்டோஸ் 11, ஸ்டாக் உள்ளவரை. அவ்வளவுதான். என்ன மாடல், உள்ளே என்ன பிராசஸர் (லேப்டாப்பின் மூளை மாதிரியான சிப்), எவ்வளவு ரேம் (வேலை ஓடும்போது பயன்படுகிற தற்காலிக நினைவகம்), ஒன்றுமே இல்லை. இணையத்தில் அந்தப் பக்கத்துக்குள் போய் நாலைந்து தடவை கீழே தள்ளினால் விவரம் இருந்திருக்கும். அன்றைக்கு வருமானச் சான்றிதழுக்கு ஆறு பேர் வரிசையில் நின்றார்கள், நான் தள்ளிப் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும். அது இன்னும் மனசை உறுத்திக்கொண்டுதான் இருக்கிறது.

ஒன்பதாவது நாள் பெட்டி வந்தது. அப்பாவும் பெண்ணும் கடைக்கே எடுத்து வந்தார்கள், என் மேசையில் வைத்துத்தான் பிரித்தோம். பெட்டியின் பக்கவாட்டில் ஒரு வெள்ளை லேபிள் இருக்கும் இல்லையா, அதைப் படித்ததும் எனக்குத் திக்கென்றது. செலரான் என்4020, 4 ஜிபி ரேம், 64 ஜிபி இஎம்எம்சி. அந்த என்4020 என்பது இன்டெல் கம்பெனி 2019-ல் கொண்டுவந்த, இரண்டே கோர் (பிராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்கிற பகுதி) உள்ள சிப். இஎம்எம்சி என்பது எஸ்எஸ்டி (லேப்டாப்பில் போடுகிற வேகமான சேமிப்பு) கிடையாது, விலை குறைந்த செல்போன்களில் இருக்கிற மாதிரியான சேமிப்புச் சிப், அதைப் போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள். பெண் ஆசையாக ஆன் செய்து, பெயரைப் போட்டு, மலை படம் வந்ததும் அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். சி டிரைவைத் திறந்து பார்த்தேன். 57 ஜிபி, அதில் பாதிக்கும் குறைவாகத்தான் காலி இடம். இன்னும் ஒரு பாடம்கூட அதில் ஏற்றவில்லை.

தை மாதம் விண்டோஸ் அப்டேட் வந்தது, இடம் போதவில்லை என்று நின்றுவிட்டது. குரோமில் நாலு டேப் திறந்தால் சுட்டி நகராது. ஆன்லைன் வகுப்பு ஓடும்போது வேர்டைத் திறந்தால் இரண்டும் சேர்ந்து உறைந்துவிடும். ரேம் கூட்டிக்கொள்ளலாம் என்று குன்னூரில் ஒரு தம்பியிடம் கொடுத்தோம். பின்மூடியைக் கழற்றிக் காட்டினார், ரேம் போடுவதற்கு ஸ்லாட்டே இல்லை, எல்லாம் பற்றவைத்தது. விற்றவர்களிடம் கேட்டால் ஏழு நாளுக்குள் பழுது இருந்தால் மாற்றித் தருவோம் என்றுதான் விதி, மெதுவாக ஓடுவது பழுது ஆகாது. விதிப்படி அவர்கள் சொன்னது சரிதான். 4 ஜிபி ரேமும் 64 ஜிபி இடமும் இருந்தால் விண்டோஸ் 11 ஓடும் என்று மைக்ரோசாஃப்ட் வைத்த கீழ்வரம்பைத் தொட்டுக்கொண்டு நிற்கிற பொருள் அது. ஓடும் என்பது உண்மை. கல்லூரிப் பிள்ளைக்கு மூன்று வருடம் உழைக்குமா என்பது வேறு கேள்வி, அதை அந்த விளம்பரத்தைப் பார்த்து யாராலும் தெரிந்துகொள்ள முடியாது.

அதே சீசனில் இன்டெல் கோர் ஐ3 1215யு பிராசஸர், 8 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி போட்ட லேப்டாப் முப்பதாயிரத்தை ஒட்டிக் கிடைத்தது. பத்தாயிரம் கூடப் போட அவரிடம் அன்றைக்குப் பணம் இல்லை, அதுவும் நிஜம். ஆனால் வித்தியாசம் தெரிந்திருந்தால் அந்தப் பணத்தைத் தபால் ஆபீசில் போட்டுவிட்டுப் பொங்கல் வரைக்கும் பொறுத்திருப்பார்கள். பெண்ணே என்னிடம் அப்படித்தான் சொன்னாள், "தெரிஞ்சிருந்தா நான் லேப்பே இல்லாமகூட ஒரு செமஸ்டர் ஓட்டியிருப்பேங்க்கா."

அதனால்தான் சொல்கிறேன், தள்ளுபடி எத்தனை சதவீதம் என்பது இரண்டாம் கேள்வி. முதலில் எந்தப் பொருளுக்குத் தள்ளுபடி என்று தெரிய வேண்டும். அதைச் சொல்வது மாடல் நம்பர் ஒன்றுதான். ஐ3, ஐ5 எல்லாம் இன்டெல் பிராசஸர் வரிசைகளின் பெயர். "ஐ5 லேப்டாப்" என்று மட்டும் போட்டால் அதில் ஒரு தகவலும் இல்லை. 2016-ல் வந்த ஐ5 7200யு இரண்டு கோர். 2022-ல் வந்த ஐ5 1235யு பத்து கோர். இரண்டுக்கும் பெயர் ஐ5. ஐ5-க்குப் பிறகு வருகிற எண்ணின் முன்பகுதிதான் எத்தனையாவது தலைமுறை என்று சொல்லும்: 7200 என்றால் ஏழு, 1235 என்றால் பன்னிரண்டு. பழைய ஐ5-ஐவிட அந்த 1215யு ஐ3 எவ்வளவோ வேகம். ஆனால் கடையில் வந்து "ஐ3 வேண்டாம், ஐ5 தான் வேணும்" என்று பிடிவாதம் பிடிக்கிறவர்களை நான் வாராவாரம் பார்க்கிறேன், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, விளம்பரம் அப்படித்தானே பழக்கியிருக்கிறது.

இன்டெல்லுக்குப் போட்டியாகப் பிராசஸர் செய்கிற ஏஎம்டி இன்னும் குழப்பம். ரைசன் 5 7520யு, ரைசன் 5 7530யு, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பத்து எண்தான் வித்தியாசம். முதலாவது நாலு கோர், ஜென் 2 என்கிற பழைய உள்வடிவமைப்பு. இரண்டாவது ஆறு கோர், ஜென் 3. அந்த நாலு எண்ணில் மூன்றாவது எண்தான் உள்ளே எந்த அமைப்பு என்று சொல்கிறது. இது கம்ப்யூட்டர் படித்தவர்களிலேயே பல பேருக்குத் தெரியாது. விளம்பரத்தில் "ரைசன் 5, 7000 சீரிஸ்" என்று மட்டும் போட்டால் இரண்டும் அதில் அடங்கிவிடும், இல்லையா?

பழைய லேப்டாப் விளம்பரத்தை இந்த வருடம் நீங்கள் தனியாகவே கவனிக்க வேண்டும். கம்பெனிகளில் கழித்த லேப்டாப்பைத் துடைத்து, சரிபார்த்து, புதுப்பித்தது என்று விற்கிறார்கள். நல்ல இடத்தில் வாங்கினால் நல்ல பொருள்தான், நானே கடையில் ஒன்று வைத்திருக்கிறேன். ஆனால் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த ஆதரவு நின்றுவிட்டது. இன்டெல்லில் ஒன்றிரண்டு விதிவிலக்கு தவிர எட்டாவது தலைமுறைக்குக் கீழே இருந்தால் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. இந்தச் சமயத்தில் ஆறாவது, ஏழாவது தலைமுறை லேப்டாப் எல்லாம் மொத்தமாகச் சந்தைக்கு வரும், "ஐ5 வெறும் 14,999" என்று வரும். எப்படியோ ஒரு வழி பண்ணி அதில் 11-ஐ ஏற்றியும் கொடுப்பார்கள். வாங்குகிறவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? மாடல் நம்பர் போட்டிருந்தால் அடுத்த வீட்டுப் பையனிடமாவது கேட்டுக்கொள்வார்.

அடுத்தது விலை. அடித்துக் காட்டுகிற 41,999 என்பது எம்ஆர்பி, அதாவது அதற்கு மேல் விற்கக் கூடாது என்கிற உச்ச வரம்பு. அந்த விலைக்கு அந்த லேப்டாப்பை யாரும் விற்று நான் பார்த்ததில்லை. இந்த வருடம் நான் ஒரு வேலை செய்தேன். ஆடி மாதத்திலேயே, நம்மூர்க்காரர்கள் அதிகம் கேட்கிற ஏழெட்டுப் பொருளை எடுத்து மாடல் நம்பரோடு ஒரு நோட்டில் எழுதி, வாரத்துக்கு ஒரு தடவை விலை குறித்துக்கொண்டே வந்தேன். இரண்டு லேப்டாப் நிஜமாகவே நாலாயிரத்துக்கு மேல் இறங்கியது, அதைத் தெரிந்தவர்களுக்குத் தைரியமாகச் சொன்னேன், ஐந்து பேர் வாங்கினார்கள், சந்தோஷமாக இருக்கிறார்கள். ஒரு டிவி புரட்டாசி முதல் வாரத்தில் இரண்டாயிரம் ஏறி, சேல் ஆரம்பித்த அன்று அதே இரண்டாயிரம் இறங்கியது. ஒரு பிரிண்டர் விலையில் அசைவே இல்லை, ஆனால் அதற்கும் 35 சதவீதம் என்று சிவப்புப் பட்டை. நல்ல ஆஃபர் இல்லை என்று நான் சொல்லவில்லை, இருக்கிறது, தேடினால் கிடைக்கிறது. தேடுவதற்குப் பிடிமானம் வேண்டும், அதுதான் என் கோரிக்கை.

ஜிஎஸ்டி விஷயத்திலும் இந்த வருடம் ஒரே குழப்பம். 2025 செப்டம்பர் 22-ஆம் தேதி வரி குறைந்ததும் எங்கள் கடையில் தினமும் இரண்டு பேராவது கேட்டார்கள், "லேப்டாப்புக்கு எவ்வளவு குறைஞ்சிருக்கு?" லேப்டாப்புக்கு ஒரு பைசா குறையவில்லை. லேப்டாப், செல்போன் இரண்டும் முன்னால் 18 சதவீதம், இப்போதும் 18 சதவீதம். குறைந்தது 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிக்கு, 28-லிருந்து 18-க்கு. 32 இன்ச்சும் அதற்குக் கீழே உள்ளதும் ஏற்கெனவே 18-ல்தான் இருந்தது. அப்புறம் அந்தப் பத்து சதவீதம் அப்படியே விலையில் குறையும் என்று நினைக்கிறார்கள், அதுவும் இல்லை. வரியோடு 25,600-க்கு விற்ற டிவியில் அடிப்படை விலை 20,000. அதற்கு 18 சதவீதம் போட்டால் 23,600. குறைவது 2,000, அதாவது பழைய விலையில் எட்டு சதவீதத்துக்குக் கொஞ்சம் உள்ளே. இவ்வளவும் அரசாங்கம் குறைத்தது, கடைக்காரர் தள்ளுபடி இல்லை. ஆனால் சில விளம்பரத்தில் இதையும் சேர்த்துத்தான் "தீபாவளி அதிரடி" என்று போட்டிருந்தது. தனித்தனியாகப் போட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

இதைவிட எனக்கு அதிகமாக வலிப்பது கார்டு விலை. செல்போன் 17,999 என்று பெரிசாக இருக்கும், தலையில் ஒரு நட்சத்திரக் குறி. பக்கத்தின் அடியில் எறும்பு சைஸ் எழுத்தில் பார்த்தால், குறிப்பிட்ட வங்கி கிரெடிட் கார்டுக்கு 1,500 தள்ளுபடி, பழைய போன் கொடுத்தால் 1,000 கூடுதல், எல்லாம் கழித்த பிறகு அந்த விலை. கார்டும் இல்லை, கொடுக்கப் பழைய போனும் இல்லை என்றால் 20,499. எங்கள் பக்கத்தில் தோட்டத் தொழிலாளி, ஒரு ஏக்கர், அரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கிற சிறு விவசாயி, இவர்களில் எத்தனை பேரிடம் கிரெடிட் கார்டு இருக்கும்? 17,999 எண்ணிக் கொண்டுவந்து கவுண்டரில் வைத்துவிட்டு, இல்லை இன்னும் 2,500 வேண்டும் என்று சொன்னதும் முகம் சுருங்கிப் போகிறதே, அதை நான் பார்த்திருக்கிறேன். ஹட்டியிலிருந்து (படுகர் ஊர்) வந்த ஒரு பெரியவர், பேரனுக்காக வந்தவர், ஒன்றும் பேசாமல் பணத்தைத் திரும்பத் துண்டில் முடிந்துகொண்டு போனார். பணம் கொடுத்து வாங்குகிறவருக்கு என்ன விலையோ அதைப் பெரிசாகப் போட்டு, கார்டு விலையைச் சின்னதாகப் போடுவதில் என்ன கஷ்டம்?

கார்டு உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை. வட்டியில்லாத் தவணை என்று சொல்வதில் வட்டி இருக்கிறது. வங்கி வட்டி போடும், அந்த வட்டித் தொகையை விற்பவர் முன்கூட்டியே விலையில் கழித்துக் கொடுப்பார், அதனால் நமக்கு வட்டி இல்லாத மாதிரி தெரியும். 60,000 ரூபாய் லேப்டாப், 12 மாதம், வங்கி வட்டி 15 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 5,000 வரும், பன்னிரண்டு மாதத்தையும் சேர்த்தால் அதில் மொத்த வட்டி 4,600 ரூபாய் போல இருக்கும். அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு, அது நம் தலையில்தான், 830 ரூபாய் போல. அதுபோகச் சில வங்கிகளில் பிராசஸிங் கட்டணம். இதெல்லாம் சேர்ந்து பெரிய தொகை இல்லை, வசதிக்காகக் கொடுக்கலாம், தெரிந்து கொடுக்க வேண்டும். இன்னொன்று, ஒரே தடவையில் கட்டுகிறவருக்கு உடனடித் தள்ளுபடி கூடக் கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தவணைப் பக்கம் போக வேண்டும். அடுத்தவர் கார்டை வாங்கி ஆர்டர் போட்டுவிட்டுத் தவணை தவறி உறவே முறிந்த கதை எங்கள் ஊரிலேயே இருக்கிறது, அதை இங்கே விரிக்க வேண்டாம்.

மலையில் இருக்கிறவர்களுக்கென்று தனிக் கஷ்டங்கள் உண்டு. 643 என்று ஆரம்பிக்கிற பின்கோடைப் போட்டதும் "இரண்டு நாளில் டெலிவரி" என்பது எட்டு நாள், பத்து நாள் என்று மாறும். சில பெரிய டிவி, பிரிட்ஜ் எல்லாம் இந்த முகவரிக்கு வராது என்றே சொல்லிவிடும். ஐப்பசி மழையில் மேட்டுப்பாளையம் ரோட்டில் மரம் விழுந்தால், குஞ்சப்பனையில் மண் சரிந்தால், வண்டி நிற்கும். 2009 நவம்பரில் நாற்பதுக்கும் மேல் உயிர் போன மண்சரிவைப் பார்த்த மாவட்டம் இது. ஆனால் திருப்பிக் கொடுக்கிற ஏழு நாள் மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான். பழுது என்று புகார் போட்டால் டெக்னீஷியன் கோவையிலிருந்து வர வேண்டும், ரோடு அடைத்திருக்கிறது, நாளைக்கு வருகிறேன் என்று இரண்டு நாள் போனால் கெடு முடிந்துவிடும். என் அண்ணி வீட்டில் அப்படி ஆறாவது நாள் மாலை வரைக்கும் காத்திருந்து, கரண்ட் இல்லாமல் செல்லில் சார்ஜ் தீர்ந்து, புகாரைப் பதிவு செய்ய முடியாமல் ஒரு சவுண்டு பார் அப்படியே மூலையில் கிடக்கிறது. அதனால் பெட்டி வந்த அன்றைக்கே திறந்து, திறப்பதை முதலிலிருந்து கடைசி வரை வெட்டாமல் வீடியோ எடுத்து, அன்றைக்கே போட்டு ஓட்டிப் பார்த்துவிடுங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். தீபாவளி அன்று திறக்கலாம், நல்ல நேரம் பார்த்துத் திறக்கலாம் என்று வைக்காதீர்கள். டெலிவரி தம்பி முன்னாலேயே திறந்து பார்க்கிற வசதி இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள், பொருளைப் பார்த்த பிறகு ஓடிபி சொல்லுங்கள்.

சர்வீஸ் எங்கே என்பதும் விலையில் ஒரு பகுதி. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர், அங்கிருந்து கோவை, ஒரு நாள் கூலி போச்சு, பஸ் காசு போச்சு, திரும்ப வாங்கப் போக இன்னொரு நாள். ஊட்டி கமர்ஷியல் ரோட்டிலோ குன்னூரிலோ கடையில் வாங்கினால் ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு கூட இருக்கும். ஆனால் ஆன் செய்து காட்டுவார், கெட்டுப் போனால் தூக்கிக்கொண்டு போய் மேசையில் வைக்கலாம். வீட்டுக்கே வந்து பார்க்கிற வாரண்டி இருக்கிறதா, இந்த ஊருக்கு வருவார்களா என்று கம்பெனி நம்பரில் கூப்பிட்டுக் கேட்டுவிட்டு இரண்டையும் கணக்குப் போட்டால்தான் எது மலிவு என்று தெரியும். பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்றால் வேண்டவே வேண்டாம். வாரண்டிக்குப் பில்லைத்தான் கேட்பார்கள்.

பென்டிரைவ் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2 டிபி (ஏறக்குறைய 2,000 ஜிபி) பென்டிரைவ், 599 ரூபாய், சேல் முடிய 14 நிமிடம்தான் என்று எண்கள் ஓடிக்கொண்டிருந்ததாம். பாலிடெக்னிக் படிக்கிற ஒரு தம்பி வாங்கி, அக்கா கல்யாண வீடியோ, போட்டோ எல்லாவற்றையும் அதில் ஏற்றிவிட்டு, செல்லிலும் லேப்டாப்பிலும் அழித்துவிட்டான். இரண்டு வாரம் கழித்து ஆல்பம் போடுவதற்காக என் கடைக்கு எடுத்து வந்தான். கம்ப்யூட்டரில் செருகினால் 2 டிபி என்றுதான் காட்டுகிறது. ஃபைல் பெயர்கள் எல்லாம் இருக்கின்றன. தாலி கட்டுகிற போட்டோவைத் திறந்தால் மேலே கால் பங்கு தெரிந்து கீழே சாம்பல் நிறமாக வருகிறது, அடுத்தது திறக்கவே இல்லை, அதற்கடுத்ததும் இல்லை. உள்ளே இருப்பது 32 ஜிபியோ 64 ஜிபியோ உள்ள சிப், 2 டிபி என்று பொய் சொல்லும்படி அதன் கண்ட்ரோலரை (பென்டிரைவை இயக்குகிற சிப்) மாற்றி எழுதியிருப்பார்கள். நிறைந்த பிறகு ஏற்றுவதெல்லாம் பழையதின் மேலேயே எழுதப்படும், இல்லை காற்றோடு போகும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது, பென்டிரைவை முழுக்க நிரப்பித் திரும்பப் படித்துப் பார்த்து நிஜக் கொள்ளளவைச் சொல்லிவிடும். வாங்கின அன்றே ஓட்டியிருந்தால் தப்பித்திருக்கலாம். அந்தத் தம்பியின் அம்மா கடை வாசலில் உட்கார்ந்து அழுதார்கள். கொஞ்சம் போட்டோ சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப்பில் இருந்து திரும்பக் கிடைத்தது, வீடியோ போனது போனதுதான். அந்தப் பென்டிரைவில் கம்பெனி பெயர் இல்லை, மாடல் இல்லை, பெட்டியில் முகவரி இல்லை. 2 டிபி என்கிற எழுத்து மட்டும் இருந்தது.

"14 நிமிடம்தான்", "இன்னும் 2 மட்டுமே" என்று பொய்யாக அவசரப்படுத்துவதை மத்திய அரசு 2023 நவம்பர் 30-ல் வந்த வழிகாட்டு நெறிகளில் தடை செய்திருக்கிறது. அப்படிப்பட்ட 13 வகைத் தந்திரங்களை அதில் பட்டியல் போட்டிருக்கிறார்கள், கேட்காமலே கூடையில் இன்னொரு பொருளைச் சேர்ப்பது உட்பட. இணைய வணிகத்துக்கு 2020-ல் வந்த விதிப்படி புகார் கொடுத்தால் 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலும் பேசலாம். அதிலும் சரியாகவில்லை என்றால் ஊட்டியில் இருக்கிற மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், பொருளின் விலை ஐந்து லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது. விற்றவர் டில்லியில் இருந்தாலும் பெங்களூரில் இருந்தாலும், 2019 சட்டம் வந்த பிறகு நாம் குடியிருக்கிற ஊரிலேயே வழக்குப் போடலாம். இதை எங்கள் ஊரில் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள், கோர்ட்டு என்றாலே கோவைக்கும் சென்னைக்கும் அலைய வேண்டும் என்று நினைக்கிறார்கள். உங்கள் பேப்பரில் வந்தால் நம்புவார்கள்.

இப்போது இன்னொரு கேள்வி வர ஆரம்பித்திருக்கிறது. வெளிநாட்டில் வேலை பார்க்கிற பிள்ளைகள் நவம்பர் நாலாம் வியாழனுக்கு மறுநாள் அமெரிக்காவில் நடக்கிற பிளாக் ஃப்ரைடே சேலில் வாங்கி வரட்டுமா என்று கேட்கிறார்கள், 2025-ல் அது நவம்பர் 28-ஆம் தேதி. வாங்கி வரலாம். 18 வயது நிறைந்தவர் தன்னோடு ஒரு லேப்டாப் எடுத்து வந்தால் சுங்க வரி இல்லை. சார்ஜர் பெரும்பாலும் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும், ப்ளக் மட்டும் மாற்றணும். ஆனால் அங்கே போட்டிருக்கிற விலையில் மாநில விற்பனை வரி சேர்ந்திருக்காது, பில் போடும்போதுதான் ஏறும். வாரண்டி இங்கே செல்லுமா என்று மாடல் வாரியாகப் பார்க்க வேண்டும். மறுபடியும் மாடல் நம்பர்தான்.

ஆசிரியர் அவர்களே, நான் கேட்பது இவ்வளவுதான். லேப்டாப், டிவி, செல்போன் விளம்பரம் வாங்கும்போது, முழு மாடல் நம்பர், பிராசஸர், ரேம், சேமிப்பு எஸ்எஸ்டியா இஎம்எம்சியா, டிவி என்றால் திரையின் நிஜத் துல்லியம் (ரெசல்யூஷன்), இவை படிக்கிற அளவு எழுத்தில் இருந்தால்தான் போடுவோம் என்று உங்கள் விளம்பரப் பிரிவு ஒரு விதி வைக்கட்டும். கார்டு இல்லாதவருக்கான விலை பெரிசாக இருக்கட்டும். ஒரு கால் அங்குல இடம் போதும். சினிமாப் பக்கத்துக்கு, ராசிபலனுக்கு இடம் இருக்கிறது, இதற்கும் இருக்கும். விளம்பரம் போனால் பேப்பர் எப்படி நடக்கும் என்று நீங்கள் கேட்கலாம், நியாயம்தான். ஆனால் நல்ல பொருளை நல்ல விலைக்கு விற்கிற கடைக்காரர் மாடல் நம்பர் போடப் பயப்பட மாட்டார். எனக்குத் தெரிந்த கடைக்காரர்கள் இரண்டு பேரிடம் கேட்டேன், எல்லோரும் போட்டால் நாங்களும் போடுகிறோம், எங்களுக்கும் அது நல்லதுதான் என்றார்கள்.

நான் என்னால் ஆனதை ஆரம்பித்துவிட்டேன். கடைச் சுவரில் ஒரு சார்ட் ஒட்டி, அந்த ஏழெட்டு மாடலின் ஆடி மாத விலை, சேல் விலை, இப்போதைய விலை மூன்றையும் எழுதி வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் நின்று படிக்கிறார்கள். உலகம் பூராவும் மெமரி சிப் விலை ஏறிக்கொண்டிருப்பதால் பொங்கலுக்கு லேப்டாப் விலை இறங்கும் என்று இந்தத் தடவை என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை, அதையும் அதிலேயே எழுதியிருக்கிறேன்.

அந்தப் பெண் இப்போது இரண்டாம் வருடம். சனிக்கிழமை தோறும் ஊட்டியிலிருந்து வருகிற பஸ்ஸில் இறங்கி நேராகக் கடைக்கு வந்து என் கம்ப்யூட்டரில்தான் அசைன்மென்ட் அடிக்கிறாள், காசு வாங்குவதில்லை. லேப்டாப்பை வீட்டில் தம்பி பாட்டுக் கேட்க வைத்திருக்கிறானாம். அவள் அப்பாவுக்கு இந்த வருடப் போனஸ் வந்துவிட்டது, இன்னும் எதுவும் வாங்கவில்லை. பொங்கல் விளம்பரம் மார்கழியிலேயே உங்கள் ஆபீசுக்கு வந்துவிடும் என்று நினைக்கிறேன். அதற்குள் உங்கள் பதில் தெரிந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடை நடத்தும் வாசகி,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.